ஒட்டில்லாத முகம்

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி வையுங்கள், உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை கூட என் கைச்சரக்கு இல்லை. போன தடவை நான் சொன்ன திமிங்கிலம் கொஞ்சம் நீளம் கூடிப்போயிற்று என்று முணுமுணுத்தவர்களும் இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்த்தேன். அது வேறு, இது வேறு. ஆப்கானிஸ்தானத்தில், கிழக்குப் பக்கம், தெருவெல்லாம் நாரத்தை மரம் நிற்கிற ஒரு மாகாண நகரம். அங்கே ஓர் அருங்காட்சியகம். அதன் பின்கட்டுப் பட்டறையில் ஷேர் அகா என்கிற அறுபத்து மூன்று வயது மனிதர், மதியத் தொழுகைக்கும் சாயங்கால அஸர் தொழுகைக்கும் நடுவில், தன் மனசுக்குள் நினைத்ததை அப்படியே சொல்லப்போகிறேன். ஒருத்தர் மண்டைக்குள் ஓடியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்டுவிட்டு அப்படியே உட்காருங்கள். அவர்கள் பேசுவது தரி மொழி. என் வாயில் வரும்போது நம்ம பேச்சாகத்தான் வரும், அதையும் பெரிதுபடுத்த வேண்டாம்.

பிளாஸ்டர் மாவில் தண்ணீர் பட்டுவிட்டால் அப்புறம் மனிதனுக்குக் கால் மணி நேரம்தான். அதற்குள் கலக்கி, குமிழி போகத் தட்டி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். ஷேர் அகா முதல் கிண்ணத்தைக் கலக்கி முடித்து, சின்னக் கரண்டியில் அள்ளி, மணல் தட்டில் நிமிர்த்தி வைத்திருந்த முகத்தின் பக்கம் கொண்டுபோனார், நிறுத்தினார், கரண்டி நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது, பிறகு தொங்கியபடியே காய்ந்துபோனது. அந்த முகத்துக்கு வாய் இல்லை. நெற்றி இருக்கிறது, பாதி மூடின கண் இரண்டும் இருக்கிறது, கன்னமும் காதும் துண்டு துண்டாகக் கூடிவந்து சேர்ந்துவிட்டன. மூக்கு நுனியிலிருந்து மோவாய் வரைக்கும் ஒரு கோழிமுட்டை அளவுக்குப் பள்ளம். சுத்தியல் நேராக விழுந்த இடத்தில் துண்டு மிஞ்சாது, தூள்தான் மிஞ்சும், தூளை எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது. நம்ம கோபுரத்துப் பொம்மைகள் மாதிரி சுண்ணாம்புச் சுதையில் செய்த தலை அது, ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு இளம் பிக்குவைப் பார்த்துச் செய்தது. விளக்குக் கம்பியில் துணி கிளிப் போட்டு அதன் பழைய புகைப்படத்தை மாட்டியிருந்தாள் ஃபெரெஷ்தா. பட்டறைக்கு இப்போது அவள்தான் தலைவி. வயது இருபத்தொன்பது, பென்சிலைக் கடித்துக் கடித்து எல்லாப் பென்சிலும் எலி கொறித்த மாதிரி இருக்கும். “படத்துல இருக்கிற மாதிரி அந்தச் சிரிப்பை வெச்சிடுங்க உஸ்தாத். உங்க கைக்குத்தான் அது வரும்.” சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள். சொன்னது சின்ன விஷயம். ஆனால் அவள் காலையில் வேறொன்றும் கேட்டிருந்தாள், அதற்கு இன்னும் பதில் போகவில்லை, நான்கு மணிக்கு அச்சகத்துக்காரன் வருகிறான், அதற்குள் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒன்று சொல்லியாக வேண்டும். “அது நீங்கதானே உஸ்தாத்?” அதுதான் கேள்வி. அவர் என்ன சொன்னார்? தேநீர் ஆறிப்போச்சு என்றார். ஆறவில்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தார்.

நாக்கு. எல்லாம் இந்த நாக்கால் வந்த வினை. பட்டறையில் துண்டுகளைப் பிரிக்கும்போது அவர் ஒவ்வொன்றின் ஓரத்தையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். சுதை என்றால் நாக்கில் ஒட்டும், கல் ஒட்டாது. தோலைக் காய்ச்சி எடுக்கிற பழைய வச்சிரப் பசை பட்ட ஓரமாக இருந்தால் உப்புக் கலந்த ஒரு தோல் ருசி வரும், அந்த ருசி வந்தால் இது முன்பே ஒருமுறை ஒட்டப்பட்ட ஓரம் என்று அர்த்தம். “உஸ்தாத், உங்க நாக்குக்கு ஒரு பதிவெண் போட்டு அலமாரியில வைக்கணும்” என்று ஃபெரெஷ்தா சிரிப்பாள், “கண்காட்சியில அதுக்குத்தான் முதல் இடம்.” அவர் ருசி பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தாள், எழுதினது சும்மா இருக்கவில்லை, கூட்டிப் பார்த்தாள். போன வாரம் ஒருநாள் பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். மொத்தம் பன்னிரண்டு தலைகள். பதினோரு தலைகளில் நூற்று நாற்பத்து மூன்று உடைப்புகள். அத்தனையும் பழைய ஒட்டிலேயே விட்டிருக்கின்றன. ஒரு உடைப்பு கூட நல்ல சுதையின் குறுக்கே போகவில்லை. “ஆத்திரத்துல அடிக்கிறவன் கைக்கு இது தெரியாது. யாரோ தெரிஞ்சே, ஒட்டுப் பார்த்து உடைச்சிருக்காங்க. திரும்ப ஒட்டுறதுக்காகவே உடைச்சிருக்காங்க உஸ்தாத்!” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ரயீஸ் சாஹிப், அதுதான் அருங்காட்சியகத்தின் இயக்குநர், அவர் கேள்விப்பட்டதும் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். பலகை வை, பெரிய பலகை, சிலைகளை உடைத்துக் காப்பாற்றிய மனிதன் என்று எழுது, திறப்பு விழாவுக்கு வெளிநாட்டுத் தூதர்கள் வருகிறார்கள், ஆள் யாரென்று கண்டுபிடி. பன்னிரண்டாவது? அது வேறு எவனோ முரடன் அடித்ததாயிருக்கும், அதை நிரப்பிவிடுவோம், பார்க்க நன்றாயிருக்கும்.

வேறு எவனோ முரடன். சொன்னவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஷேர் அகா கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினார், காய்ந்த பிளாஸ்டர் கிண்ணத்தின் வடிவத்திலேயே உருண்டு மேசையில் விழுந்தது. இரண்டாவது கிண்ணத்துக்கு மாவை அளந்தார். வேறு எவனோ. பதினேழு வருடம் முந்தைய மார்ச்சு மாதம், நாரத்தை பூத்த சமயம், தெரு முழுக்க அந்த வாசனை, மனிதனுக்கு அந்த வாசனையில் கல்யாண ஞாபகம்தான் வர வேண்டும், வந்தது அப்போதைய ஆட்சியாளர்களின் உத்தரவு. உருவம் எதுவும் இருக்கக் கூடாது. வானொலியில் கேட்டுவிட்டு அவர் பட்டறைக்கு வந்து பன்னிரண்டு தலைகளையும் வரிசையாகப் பார்த்தபடி நின்றார், நின்றபோது பயம்தான் இருந்தது, வீரம் எல்லாம் ஒரு மண்ணும் இல்லை, பயத்தோடு பயமாக ஒரு யோசனை மட்டும் வந்தது. பதினொன்றும் மண்ணுக்குள்ளிருந்து உடைசலாக வந்தவை. இளமையில் தோண்டுகிற குழுவோடு இருந்து அவரே ஒட்டியவை, அவர் வைத்த பசை, அவர் விரல். வச்சிரத்துக்கு ஈரம் ஆகாது. தூசி துடைக்கிறேன் என்று ஒரு வாரம் பதினோரு தலைகளுக்கும் ஈரத் துணி சுற்றி வைத்தார், காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுகிற மாதிரி. துணி மாற்றுகிறபோது ஒவ்வொரு ஒட்டும் லேசாக மூச்சுவிடுவது கைக்குத் தெரிந்தது. ஆட்கள் வந்த அன்றைக்குத் தளபதி என்று ஒருவன் வந்தான், முப்பது வயதுகூட இருக்காது, சுர்மா தீட்டிய கண், மரியாதையான பேச்சு. அந்த மரியாதைதான் அதிகமாகப் பயமுறுத்தியது. “நீங்க தள்ளி நில்லுங்க உஸ்தாத். உங்க உடுப்பு வீணாகும், நம்ம ஆட்கள் செய்வாங்க.” இவர் சுத்தியலை எடுத்துக்கொண்டார். “எங்கே அடிச்சா உடையும்னு எனக்குத் தெரியும், நான் செய்யறேன்.” ஒரு எழுத்துப் பொய்யில்லை. அவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தான்.

சத்தம் பலகைக்கு, தட்டு தலைக்கு. அதுதான் வித்தை. வலது கைச் சுத்தியல் பீடத்துப் பலகையில் இடி மாதிரி விழும், அந்த அதிர்ச்சியில் இடது கை விரல் ஒட்டின் மேல் ஒரு தள்ளுத் தள்ளும், தலை நாரத்தைச் சுளை பிரிகிற மாதிரி பிரிந்து விழும், கீழே முன்கூட்டியே உமி மூட்டை. கூடவே கொஞ்சம் சுண்ணாம்புத் தூளை ஊதிவிட்டால் பார்க்கிறவனுக்குப் பிரளயம். பதினொன்று. மூன்று மணி நேரம். முடிந்தபோது தாடி வெளுத்திருந்தது, தூளால்தான், ஆனால் கழுவின பிறகும் பாதி வெள்ளை போகவில்லை. அப்புறம் துண்டுகளை வாரி ஒன்பது மூட்டையாகக் கட்டி, “சுண்ணாம்பு, கழிப்பறைப் பழுதுக்கு” என்று பெரிய எழுத்தில் எழுதிப் பின்கொட்டகையில் போட்டார். எத்தனை ஆட்சி மாறினாலும் கழிப்பறையைப் பழுது பார்க்கிற அதிகாரி ஒருத்தனும் வரமாட்டான் என்பதில் அவருக்கு நம்பிக்கை இருந்தது, வரவும் இல்லை. இதைச் சொன்னால் ஃபெரெஷ்தா எவ்வளவு சிரிப்பாள். சொல்லலாம். சொல்லிவிட்டால் என்ன? ஆமாம் மகளே, நான்தான். வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தை. பலகையில் பெயர், பெயருக்குக் கீழே ஊர், பேரப்பிள்ளைகள் வந்து விரலால் தொட்டுப் படிப்பார்கள். பொய்யும் இல்லையே. பதினொன்றும் பொய்யில்லை. பன்னிரண்டாவதற்கு ஒட்டு இல்லை, அதனால்தான். ஒட்டு இல்லாததை எப்படி ஒட்டில் உடைப்பது? மண்ணுக்குள்ளிருந்து முழுசாக வந்த ஒரே தலை அது, மூக்கு நுனியில் கூட ஒரு கீறல் இல்லை, இருபத்தொரு வயதில் அவர்தான் தூரிகையால் அதன் நாசியிலிருந்து மண்ணைத் தள்ளினார், தள்ளியதும் உதடு தெரிந்தது, உதட்டில் அந்தச் சிரிப்பு. விருந்து சாப்பிட்டுவிட்டு மாமனார் வீட்டுத் திண்டில் சாய்ந்திருக்கிற புதுமாப்பிள்ளைச் சிரிப்பு. அன்றிலிருந்து பட்டறையில் அதற்குப் பெயரே புதுமாப்பிள்ளை. “புதுமாப்பிள்ளையைத் தூக்கி வை, வெயில் படுது,” “புதுமாப்பிள்ளைக்குத் தூசி துடைச்சாச்சா?” ஒட்டு இல்லை, அதனால்தான். இதை அவர் தனக்குத்தானே எத்தனை தரம் சொல்லியிருப்பார், தஸ்பீஹ் ஜபமணி கைபட்டுத் தேய்ந்த மாதிரி அந்த வாக்கியம் தேய்ந்து பளபளத்துப்போயிருந்தது, பிடித்தால் வழுக்கியது.

“உஸ்தாத்.” ஃபெரெஷ்தா எதிரே நின்றிருந்தாள், எப்போது வந்தாளோ. “ரெண்டாவது கிண்ணமும் கல்லாயிடுச்சு.” பார்த்தார். ஆமாம். கரண்டி அதில் நட்ட கொடிமரம் மாதிரி நின்றது. “மாவு பழசு,” என்றார். “நேத்துதான் பிரிச்சோம்.” “தண்ணி சூடு.” “தண்ணியைக் குறை சொல்லாதீங்க, பாவம்.” அவள் கிண்ணத்தைத் தட்டிக் காலிபண்ணித் திரும்ப வைத்தாள். போகவில்லை. “உஸ்தாத், நான் கேட்டதை மறந்துடுங்கன்னு சொல்ல வந்தேன். உங்களுக்குப் பேர் வேண்டாம்னா வேண்டாம். வெட்கப்படுறீங்க, எனக்குப் புரியுது. எங்க அப்பாவும் இப்படித்தான், பொண்ணுங்க படிக்கக் கூடாதுன்னு இருந்தப்போ, தெருப் பொண்ணுங்க பத்துப் பேருக்கு எங்க வீட்டு அடுப்படியில ஒளிச்சு வெச்சுப் பாடம் சொல்லிக்கொடுத்தார், இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. நானும் அந்தப் பத்துல ஒருத்தி. எழுதாம விட்டா அதெல்லாம் நடக்காத மாதிரி ஆயிடும் உஸ்தாத். அதனாலதான் கேட்டேன்.” அவர் வெட்கப்படுகிறார் என்று நினைக்கிறாள். வெட்கம்தான். வேறு ஜாதி வெட்கம். அவர் மூன்றாவது கிண்ணத்துக்கு மாவு அளந்தார், மாவு மேசையில் சிந்தியது, தலைகளை உடைத்த அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது மனைவி சட்டைக் கையைப் பார்த்து “என்ன வெள்ளை இது?” என்றாள், மாவு என்றார், அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, “மாவுக்கு இந்த வாசனை கிடையாது” என்று மட்டும் சொல்லித் துவைக்கப் போட்டாள், அப்புறம் சாகும்வரை அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை, ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருபது வருடம் ஒரே பாயில் படுக்க முடிகிறது மனிதனால். இல்லை, இருபது இல்லை, பதினோரு வருடம். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. கணக்கை ஏன் கூட்டுகிறேன்? கூட்டினால் குறையுமா?

ஒட்டு இல்லை, அதனால்தான். அந்த வாக்கியத்தை இன்றைக்கு இன்னொரு தரம் உருட்டப் பார்த்தார், உருளவில்லை, எதிரே வாயில்லாத முகம் இருந்தது, அது எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு அதனிடம் இடமில்லை, ஆனால் கண் பாதி மூடியபடியே இருந்தது, அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு நடந்ததை அவர் எப்போதும் சுத்தியல் விழுகிற இடத்திலிருந்துதான் நினைப்பார். அதற்கு முன்னால் போகமாட்டார். அதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது, அதைத் தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் நின்றார். தோள் வலித்தது. தோளை எடுத்தார். பதினொன்றும் விழுந்தாயிற்று. தளபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “போதும் உஸ்தாத். நேரமாச்சு, அடுத்த இடத்துக்குப் போகணும். இது சின்னது, கிடக்கட்டும்.” கிடக்கட்டும் என்றான். அவன் சொன்னான். சுர்மா தீட்டிய அந்தக் கண்ணால் புதுமாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினான். ஆட்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைசியாகப் போனவன், பல் ஒன்று உடைந்த ஆள், திரும்பிப் பார்த்து, “அட, இவன் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான் உஸ்தாத்!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தளபதியும் சிரித்தான். மூன்று மணி நேரமாக இருந்த பயம் அந்தச் சிரிப்பில் கரைந்து இறங்கியது, பசித்தவன் வாயில் சுடச்சுட ரொட்டி போட்ட மாதிரி, ஐயோ, எவ்வளவு சுகம், இனிமேல் என்னை ஒன்றும் செய்யமாட்டார்கள், நானும் இவர்களில் ஒருத்தன், இவர்கள் வேடிக்கை பண்ணுகிறார்கள், என்னை உஸ்தாத் என்கிறார்கள். அவரும் சிரித்தார். நடிப்பாகச் சிரிக்கவில்லை. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே கையை ஓங்கினார், இந்தத் தரம் சத்தம் பலகைக்குப் போகவில்லை. யாரும் சொல்லவில்லை. யாரும் நிற்கக்கூட இல்லை, பாதிப் பேர் படி இறங்கிவிட்டார்கள். உடைந்த பல்காரன் மட்டும் பார்த்தான், “சபாஷ்” என்றான், போய்விட்டான். வாசலில் நாரத்தை வாசனை.

மூன்றாவது கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். கலக்கினார். குமிழி போகத் தட்டினார். மசூதிப் பக்கம் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிற கரகரப்பு வந்தது, அஸருக்கு இன்னும் கொஞ்ச நேரம். ரயீஸ் சாஹிப் வாசலில் தலையை நீட்டி, “ஃபெரெஷ்தா ஜான், அச்சகத்துக்காரன் வந்தாச்சு, பேர் கிடைச்சுதா?” என்று கேட்டார், பதிலுக்கு நிற்காமல் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு தேநீருக்குப் போனார். பிளாஸ்டர் இப்போது தயிர்ப் பதம். இந்த வாயை வைத்துவிட்டால் முடிந்தது. கைக்குத் தெரியும் அந்த உதடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வைப்பார். வைத்தால் பன்னிரண்டும் முழுசு, பலகையில் பெயர், தூதர்கள் கைகுலுக்குவார்கள், புதுமாப்பிள்ளை சிரிப்பான், இந்த ஷேர் அகாவின் விரல் செய்த சிரிப்பைச் சிரிப்பான், மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். அதுதான். அதுதான் உள்ளே உறுத்தியது. தன் மன்னிப்பைத் தானே பிசைந்து அதன் முகத்தில் அப்பப்போகிறோம். அவர் கரண்டியை எடுத்தார். பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி, ஓரத்துத் துண்டுகள் உதிராதபடிக்கு மட்டும், நகக்கனம் பூசினார். சுற்றி வந்து முடித்தார். நடுவில் கைவைக்கவில்லை. மிச்சத்தைக் கிண்ணத்தோடு தள்ளி வைத்தார்.

“ஃபெரெஷ்தா ஜான், நிலை அறிக்கையை எடு. பன்னிரண்டாவதுக்கு.” அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு தாள், கட்டம் கட்டமாக இருக்கும்; மற்ற பதினொன்றும் நிரம்பியிருந்தன, இதில் மட்டும் பாதி வெள்ளை. “உடைஞ்ச விதம் காலியா இருக்கு, எழுது.” “சொல்லுங்க. கருவி?” “சுத்தியல். ஒன்றரைக் கிலோ. மல்பெரி மரக் கைப்பிடி.” அவள் எழுதினாள். “கைப்பிடி வரைக்குமா நாக்குல தெரியுது?” என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “அடி?” “ஒன்று.” “திசை?” “மேலிருந்து கீழ். வலது கை. அடிச்சவன் இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி நின்னான்.” பென்சில் மெதுவாயிற்று. “கட்டாயப்படுத்தினவங்க?” அந்தக் கட்டம் அந்தத் தாளில் கிடையாது, அவளாகக் கேட்டாள். “யாரும் இல்லை. கிடக்கட்டும்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டிருந்தாங்க. விட்டுட்டாங்க மகளே, அவங்க விட்டுட்டாங்க. வேடிக்கையா ஒருத்தன் ஏதோ சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிச்சிக்கிட்டே அடிச்சேன்.” பென்சில் நின்றுவிட்டது. அவள் அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. “எட்டு வருஷமா உங்க நாக்கை நம்பி எழுதியிருக்கேன்” என்றாள், குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. “நாக்கு பொய் சொல்லலை. இதை மட்டும் சொல்லாம இருந்துச்சு,” என்றார் அவர். “அப்போ அந்தப் பதினொன்று?” அவர் கரண்டியைத் துடைத்தார். “சொல்லுங்க உஸ்தாத். அதுவும் இதே கைதானே?” “அதே கைதான்.” “அப்போ பலகையில ரெண்டையும் எழுதறேன். பதினொன்றையும் எழுதறேன், இதையும் எழுதறேன்.” “வேண்டாம். பதினொன்றைப் பக்கத்துல வெச்சா இதை யாரும் பார்க்கமாட்டாங்க. பாவம், பயந்த மனுஷன், ஒரு அடி தவறிப்போச்சும்பாங்க. தவறலை. என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க, இவன் இங்கேயே வாயில்லாம உட்கார்ந்திருப்பான்.” “உண்மையை எழுதாதேன்னு சொல்றீங்க. அதுவும் என்கிட்ட.” கோபம் வந்துவிட்டது அவளுக்கு, மூக்கு நுனி சிவந்தது. அவர் விடவில்லை: “பதினொன்று நல்லா இருக்கு, கண்ணு, காது, வாய் எல்லாம் இருக்கு, அதுங்களுக்கு என் பேர் எதுக்கு? இதுக்குத்தான் ஒரு பேர் வேணும். இதுல எழுது.”

அவள் மேசைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள். முதுகுப் பக்கம் மட்டும் தெரிந்தது. “ரயீஸ் சாஹிப், அச்சகத்துக்காரரை அனுப்பிடுங்க. பலகை இல்லை. ஆமா. ஆள் கிடைக்கலை.” கொஞ்சம் நிறுத்தினாள். “இல்லை சாஹிப், தப்பாச் சொல்லிட்டேன். ஆள் கிடைச்சார். வேண்டாம்னு சொல்றார்.” வைத்துவிட்டாள். திரும்பி வந்து விளக்குக் கம்பியிலிருந்து அந்தப் பழைய புகைப்படத்தைக் கழற்றினாள், தாளோடு சேர்த்துக் குத்தினாள், அடித்தவர் என்று எழுதி எதிரே இரண்டு புள்ளி வைத்துக் காத்திருந்தாள். “ஷேர் அகா,” என்றார் அவர், “குலாம் நபியின் மகன். இந்த அருங்காட்சியகத்து ஊழியர்.” எழுதினாள். தாளின் அடியில் இன்னொரு கட்டம் இருந்தது, பரிசோதித்தவர் என்று. அதிலும் வழக்கமாகக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். இரண்டு கட்டத்தையும் பென்சில் நுனியால் காட்டினாள். மரியாதையும் குறையவில்லை, அன்பும் தெரியவில்லை, அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவரால் பார்க்க முடியவில்லை, பார்க்கவும் துணிவில்லை. பேனாவை எடுத்தார். அஸர் அழைப்பு ஆரம்பித்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டார், மை சரியாக இறங்கவில்லை. “அழுத்திப் போடுங்க உஸ்தாத்,” என்றாள் ஃபெரெஷ்தா, “அடியில மூணு நகல் இருக்கு.”

அவ்வளவுதான் நடந்தது. போய்ப் பார்ப்பதானால் வாயில்லாத அந்த முகத்தையும் தாளையும் பாருங்கள், தாளில் பெயர் இருக்கும். பதினொன்றைக் காப்பாற்றினது யார் என்று அங்கே ஒரு வரி கூட இருக்காது. இருக்க வேண்டாம் என்று அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்டார், அந்தப் பெண்ணும் கோபத்தோடு காப்பாற்றினாள், இத்தனை பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு நான்தான் உளறிவிட்டேன். கேட்டதைக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர் யாராவது வந்து, பதினொன்று விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று விசாரித்தால், காற்றில் வந்தது என்று சொல்லுங்கள், கனவில் வந்தது என்று சொல்லுங்கள், என் பக்கம் மட்டும் விரலைக் காட்டிவிடாதீர்கள்.